ஸ்லோவில் நிற்காத வண்டி

என்னுடைய தபால் வட்டத்தில் அறுபத்து நான்கு வாசல்கள். வாசலுக்கு வாசல் என்ஜினை அணைத்து அணைத்துக் கிளப்பினால், பகல் ஒரு மணிக்கு முடிகிற வேலை நாலு மணி வரை இழுக்கும். அதனால் வண்டியை ஓடவிட்டு, ஸ்டாண்டு போட்டு இறங்கி, கடிதத்தைப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு வந்து ஏறிக்கொள்வேன். அதுவரை வண்டி அதுபாட்டுக்கு டுப்பு டுப்பென்று உயிரோடு இருக்க வேண்டும். ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே என்ஜின் ஓடிக்கொண்டிருப்பதைத்தான் மெக்கானிக்குகள் ‘ஸ்லோவில் நிற்பது’ என்பார்கள்.

என் வண்டி அப்படி ஸ்லோவில் நிற்கவில்லை. நான் இறங்கி நாலடி வைப்பதற்குள் இரண்டு இருமல் இருமும், பிறகு அணைந்துவிடும். இருபத்திரண்டு வயதான வண்டி, பட்டனைத் தட்டிக் கிளப்புகிற சொகுசெல்லாம் கிடையாது. கிக்கரை உதைக்க வேண்டும். உதைக்கிற கால் வலது கால். நான்கு மாதத்துக்கு முன் விழுந்து ஜவ்வு கிழிந்த முட்டியும் அதே வலது முட்டிதான். ஒரு நாளைக்கு அறுபது உதை என்றால் சாயங்காலம் படி ஏறும்போது கைப்பிடிச் சுவரைக் கட்டிக்கொண்டுதான் ஏற முடியும்.

இதில் பெரிய கொடுமை, என் வீட்டுக்காரர் மெக்கானிக். வீட்டின் முன்பக்கம் தகரம் போட்டு அங்கேயே பட்டறை. மெக்கானிக் பெண்டாட்டியின் வண்டி தெருவுக்குத் தெரு நின்றால் பார்க்கிறவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? முப்பதாவது வாசல் அம்மா கேட்டே விட்டார். “ஏம்மா, உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு தடவ காட்டக் கூடாதா?” காட்டாமலா இருக்கிறேன்.

அவரும் சும்மா இருக்கவில்லை, உள்ளதைச் சொல்ல வேண்டும். பிளக்கை மாற்றினார். கார்புரேட்டரைப் பிரித்து ஜெட்டுகளில் காற்றடித்தார். டேப்பெட் பார்த்தார். டேங்க் மூடியில் இருக்கும் ஊசி ஓட்டைகூட அடைத்திருக்கிறதா என்று ஊதிப் பார்த்தார். எதிலும் சரியாகாமல், ஸ்லோ ஸ்க்ரூவைத் திருப்பி வேகத்தை ஏற்றிவைத்தார். பிறகு காலையில் வண்டி காது கிழியக் கத்தியது, சூடேறியதும் மறுபடி அணைந்தது. கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

“வண்டில ஒண்ணுமில்ல. நீ க்ளட்ச்ச விடுற விதம் சரியில்ல.”

“நியூட்ரல்ல நிக்கிற வண்டிக்கு க்ளட்ச் எங்கேருந்துங்க வந்துச்சு?”

“அதெல்லாம் உனக்குப் புரியாது.”

நான்கு மாதமாக இதே பாட்டு. நான் விழுந்ததற்கும் க்ளட்ச்தான் காரணமாம். ஒரு திருப்பத்தில் வேகத்தைக் குறைத்தேன், என்ஜின் அணைந்தது, பின்சக்கரம் இழுத்தது, விழுந்தேன். நடந்தது இவ்வளவுதான். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டி வைத்திருந்தபோதே, “க்ளட்ச்ச படக்குனு விட்டிருப்ப” என்றார். அந்த வார்த்தை இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. மறக்கிற உத்தேசமும் இல்லை.

எங்கள் தபால் அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் ரிஜிஸ்தர். எதையும் கையெழுத்து வாங்காமல் விட மாட்டார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. கடிதம் தாமதமாக வருகிறது என்று என் வட்டத்திலிருந்து ஏழு புகார் வந்தால் அவரும்தான் என்ன செய்வார்? சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் யாரையும் உட்காரச் சொல்வதில்லை.

“வர்ற வெள்ளிக்கிழம நானே உங்க பின்னாடி ஸ்கூட்டர்ல வரேன். ஒரு முழு ரவுண்டு. மூணு தடவைக்கு மேல வண்டி நின்னா, ரூட்ட வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். நீங்க பிரிக்கிற ரூமுக்கு வந்துடுங்க. கால் வலிக்கும் நல்லதுதானே.”

“வேற வண்டி ஆபீஸ்ல தர முடியாதுங்களா சார்?”

“எழுதிப் போடுங்க. வர்றதுக்கு ரெண்டு வருஷம் ஆகும்.”

பிரிக்கிற அறையில் ஜன்னல் கிடையாது. நாள் முழுக்க டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து கடிதங்களைக் கட்டங்களுக்குள் சொருக வேண்டும். அதில் கேவலம் ஒன்றுமில்லை, என்னைவிடக் கெட்டிக்காரர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆனால் பதினோரு வருஷமாக நான் ரோட்டில் இருப்பவள். எந்த வீட்டு நாய் குரைக்கும், எந்த வீட்டு நாய் குரைக்காமல் கடிக்கும், எந்த வாசலில் பரீட்சை முடிவுக்காக ஒரு பெண் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், எல்லாம் எனக்குத் தெரியும். எனக்கு அந்த வேலை பிடிக்கும். அதை எடுத்துவிட்டால் மிச்சமிருக்கும் என்னை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. என் வீட்டுக்காரர் உதிரிப் பாகம் வாங்கப் போயிருந்தார். நான் வண்டியின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

பதினாறு வருஷம் ஒரு மெக்கானிக்கோடு குடித்தனம் நடத்தினால் பாதி வித்தை காதுவழியாகவே ஏறிவிடும். எனக்குத் தெரிந்ததை எல்லாம் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தேன். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் என்ஜின் சத்தம் உடனே இறங்காமல் கொஞ்ச நேரம் தொங்குகிறது. இறக்கத்தில் சைலன்சர் பட் பட்டென்று வெடிக்கிறது. பிளக்கின் மூக்கு காபிக்கொட்டை நிறத்தில் இருக்க வேண்டும், என் வண்டியில் சுண்ணாம்பாக வெளுத்திருக்கிறது. பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் போகிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? எங்கோ ஒரு சந்துவழியாக வண்டி திருட்டுக் காற்று குடிக்கிறது.

ஊரார் வண்டியில் இந்தக் குறி தெரிந்தால் அவர் முதலில் செய்கிற காரியம் தண்ணீர் அடித்துப் பார்ப்பது. ஓட்டை இருக்கும் இடத்தில் தண்ணீர் பட்டால் என்ஜின் அதை உறிஞ்சிவிட்டுத் திணறும். என் வண்டிக்கு மட்டும் அதை அவர் செய்யவில்லை. ஏனென்றால் இதில் ஒவ்வொரு நட்டும் அவர் கையால் முடுக்கியது. தன் கை பட்ட இடத்தில் காற்று புகும் என்று அவருக்குக் கனவிலும் தோன்றாது.

துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கிற பாட்டிலை எடுத்துவந்தேன். வண்டியைக் கிளப்பிச் சூடேற்றினேன். அணையாமலிருக்க ஆக்ஸிலேட்டரை ஒரு நூல் அளவு பிடித்துக்கொண்டு, முதலில் ஏர் ஃபில்டர் ரப்பரில் அடித்தேன். ஒன்றுமில்லை. என்ஜின் தலையைச் சுற்றி அடித்தேன். அங்கேயும் ஒன்றுமில்லை. கார்புரேட்டரும் என்ஜினும் சேர்கிற இணைப்பில், மேல்பக்கமாக ஒரு பீச்சு. என்ஜின் விக்கியது. கொஞ்சம் விட்டு மறுபடி அடித்தேன், மறுபடி விக்கல். மூன்றாவது தடவையும் அதே விக்கல் வந்தபோது, தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைத்தார்களோ.

அவர் வந்ததும் சொன்னேன். மனிதருக்கு முகம் சுருங்கிவிட்டது.

“அந்த ரெண்டு நட்டும் என் கை பட்டது. அதுல லீக் இருக்காது.”

“என் வார்த்தைய நம்ப வேணாம். பாட்டில நம்புங்க.”

பாட்டிலை வாங்கித் தானே அடித்தார். வண்டி விக்கியது. பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தார். கார்புரேட்டரைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டுகளையும், பல்லைக் கடித்துக்கொண்டு, தலா கால் சுற்று முடுக்கினார். வண்டி அணைந்தே விட்டது. கிளப்பினோம். முன்பு பத்து எண்ணும் வரைக்குமாவது தாங்கும், இப்போது மூன்று எண்ணுவதற்குள் போனது. அவர் மறுபடி ஸ்பேனரைப் போட்டார்.

“நிறுத்துங்க. நீங்க முடுக்க முடுக்க மோசமாகுது, தெரியலையா?”

“லீக்குன்னா முடுக்கத்தான் வேணும். வேற என்ன பண்ணுவாங்க?”

“லூசு பண்ணிப் பாருங்க.”

“லூசு பண்ணினா லீக் நிக்குமா? உலகத்துல எவனாவது கேட்டா சிரிப்பான்.”

“சிரிக்கட்டும். வெள்ளிக்கிழம ரோட்டுல நிக்கப்போறது உலகம் இல்ல, நான்.”

ஸ்பேனரை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். நட்டு அசைய மறுத்தது, இரண்டு கையாலும் தொங்க வேண்டியிருந்தது. இரண்டு நட்டிலும் அரைச் சுற்று தளர்த்தினேன். அவர் உதைத்துக் கிளப்பினார். ஆக்ஸிலேட்டரை விட்டார். என்ஜின் இறங்கியது, தடுமாறியது, பிறகு பிடித்துக்கொண்டது. பத்து, இருபது, முப்பது என்று வாய்விட்டு எண்ணினேன். நாற்பதில் ஒரு விக்கல் வந்தது, ஆனாலும் அணையவில்லை. நாலு மாதத்தில் அந்த வண்டி அவ்வளவு நேரம் தானாக ஓடி நான் பார்த்ததில்லை.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று கூத்தாடத் தயாராக இருந்தேன். அதற்குள் அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நான் டெய்லி முடுக்குறேன்.”

“என்னது?”

“காலைல நீ எந்திரிக்கிறதுக்கு முன்னாடி. எல்லா நட்டையும் ஒரு சுத்து பாத்துடுவேன். நீ ஆஸ்பத்திரிலேருந்து வந்து மறுபடி வேலைக்குப் போன அன்னைலேருந்து. ஏதோ ஒண்ணு லூசா இருந்துதான் நீ விழுந்தியோன்னு மனசு கேக்கல.”

எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று சொல்ல முடியாது. வாய் க்ளட்ச் என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே இந்த மனிதர் விடியற்காலையில் எழுந்து நட்டு நட்டாகத் தொட்டுப் பார்த்திருக்கிறார். அதை என்னிடம் சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? சொல்லியிருந்தால் நானும் ஒரு நாள், “ஏன் வண்டி தினமும் காலையில் கூடுதலாகப் படுத்துகிறது?” என்று கேட்டிருப்பேன்.

கார்புரேட்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு என் அண்ணன் வீட்டுக்குப் போனோம். அண்ணன் லேத் பட்டறை வைத்திருக்கிறார். என்ஜினோடு ஒட்டுகிற முகப்பில் ஓர் இரும்பு ஸ்கேலை நிறுத்தி, விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். இரண்டு ஓரங்களும் ஸ்கேலைத் தொட்டன, நடுவில் வெளிச்சம் கோடாகத் தெரிந்தது.

“மாப்ள, இது என்ன கார்புரேட்டரா, வாழைப்பழமா?”

அவர் ஸ்கேலை வாங்கித் தானே விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

“அலுமினியம், மாப்ள. இரும்பு மாதிரி முறுக்கினா நட்டு போடுற காது ரெண்டும் உள்ள வளைஞ்சுரும். நடு தூக்கிக்கும். நீங்க முடுக்க முடுக்க நடுவுல வாய் தொறக்கும். அதுவழியா காத்து போகாம என்ன பண்ணும்?”

“டெய்லி கொஞ்சம் கொஞ்சமா முடுக்கினதுல வளைஞ்சிருச்சு போல, மச்சான்.”

“இவ்ளோ வளைவு கொஞ்சம் கொஞ்சமா வராது. மாட்டின அன்னைக்கே வளைஞ்சிருக்கும். அப்புறம் முடுக்கினது அதுக்கு மேல.”

அண்ணன் சாதாரணமாகத்தான் சொன்னார். அவருக்கு அதில் வேறு விஷயம் இருப்பது தெரியாது. எனக்குத் தெரிந்தது. நான் விழுவதற்குக் கொஞ்சம் முன்புதான் இவர் அந்த இணைப்பில் புது பேக்கிங், அதாவது ரப்பர் வளையம், போட்டு அந்தக் கார்புரேட்டரை மாட்டினார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. அவரும் என் பக்கம் திரும்பவில்லை.

அண்ணன் ஒரு தடித்த கண்ணாடிப் பலகையைத் துடைத்து, அதன்மேல் உப்புத்தாளை ஒட்டித் தண்ணீர் தெளித்தார். ரப்பர் வளையத்தைக் கழற்றிவிட்டு, முகப்பைக் கவிழ்த்து வைத்து வட்டமாகத் தேய்க்கச் சொன்னார். என் வீட்டுக்காரர் ஒரு மணிநேரம் தேய்த்தார். அவ்வப்போது தூக்கி ஸ்கேலை வைத்துப் பார்ப்பார். வெளிச்சக் கோடு மெலிந்துகொண்டே வந்து மறைந்தது. புது ரப்பர் வளையம் போட்டு வீட்டில் மாட்டும்போது ஸ்பேனரை என்னிடம் நீட்டினார்.

“நீயே முடுக்கு. என் கைய நம்ப முடியல.”

விரலால் போகிற வரை போய், அதற்கு மேல் ஸ்பேனரால் ஒரு சின்ன அழுத்தம். அவ்வளவுதான் முடுக்கினேன். தண்ணீர் அடித்துப் பார்த்தேன், விக்கல் இல்லை. அவர் ஏற்றிவைத்திருந்த ஸ்லோ ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கு இறக்கினேன். வண்டி அணையாமல் ஸ்லோவில் நின்றது. ஆக்ஸிலேட்டரைத் திருகிக் கையை எடுத்தால் சத்தம் உடனே இறங்கி, பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தது.

அந்த வாரம் முழுக்க வண்டி பிரமாதமாக ஓடியது. அவர்தான் சரியாக இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்வார், அதற்கு மேல் பேச்சில்லை. விடியற்காலையில் எழுந்து பட்டறையில் விளக்கைப் போடுவார், வண்டியைத் தொடாமல் எதிரில் உட்கார்ந்திருப்பார். இரண்டு நாள் படுக்கையிலிருந்தே பார்த்தேன். நானாக எதையும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை முடியட்டும் என்று இருந்தேன்.

வெள்ளிக்கிழமை ரிஜிஸ்தர் தலையில் ஹெல்மெட், மடியில் நோட்டு என்று கிளம்பி வந்தார். இருபது வாசல்வரை என் காது கடிதத்தில் இல்லை, வண்டியில்தான் இருந்தது. முப்பதாவது வாசல் அம்மா வண்டி நிற்காததைக் கண்டு கையைத் தட்டினார். நாற்பத்தொன்றில்தான் சோதனை வந்தது. பதிவுத் தபால், கையெழுத்து வேண்டும். அந்த வீட்டு மனிதர் பேனா தேடி உள்ளே போனார். என் பேனாவை நீட்டினால், “இருக்கட்டும், என்னுது எடுத்துட்டு வரேன்” என்று போன மனிதர் வரவே இல்லை. வெயில். என்ஜின் கொதிக்கிற சூடு. ரிஜிஸ்தர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் முட்டி தானாகவே உதைக்கத் தயாராகி இறுகியது. நாலு நிமிஷம் கழித்து மனிதர் வந்து, எழுதாத பேனாவால் இரண்டு கீறல் கீறிவிட்டு, என் பேனாவையே வாங்கிக் கையெழுத்துப் போட்டார். வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

அறுபத்து நான்காவது வாசல் முடிந்ததும் ரிஜிஸ்தர் நோட்டில் ஏதோ எழுதி, என்னிடம் நீட்டிக் கையெழுத்து வாங்கினார். ‘ஒருமுறையும் நிற்கவில்லை. வட்ட மாற்றம் தேவையில்லை.’ அதைப் படித்து முடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது, கண்ணில் தண்ணீர் நின்றதால்.

வீட்டுக்கு வந்தபோது அவர் யாருடைய வண்டியையோ பிரித்துக்கொண்டிருந்தார். நான் இறங்கி ஸ்டாண்டு போட்டேன். அவர் நிமிர்ந்தார்.

“எத்தன தடவ நின்னுச்சு?”

“ஒரு தடவகூட இல்ல. ரூட் எனக்குத்தான்.”

தலையை ஆட்டினார். பழைய துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

“நான் புது பேக்கிங் போட்டு மாட்டினேனே, அதுக்கப்புறம் எத்தனாவது நாள் நீ விழுந்த?”

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். ஞாபகமில்லை என்று சொல்லலாமா என்று வாரம் முழுக்க யோசித்திருந்தேன். அப்படிச் சொன்னால் அந்த நேரத்துக்கு அவர் மூச்சு விடுவார். ஆனால் நாலு மாதம் என் தலையில் இல்லாத தப்பைக் கட்டிய மனிதரிடம், இருக்கிற தப்பை நான் மூடி மறைத்தால், நாளைக்கு நான் சொல்கிற நல்ல வார்த்தையையும் அவர் நம்ப மாட்டார்.

“ஒம்பதாவது நாள்.”

“எனக்கும் ஒம்பதுதான் வருது. அஞ்சு நாளா எண்ணுறேன். எப்படி எண்ணினாலும் ஒம்பதுதான் வருது.”

நான் தபால் பையைத் தோளிலிருந்து இறக்கினேன்.

“க்ளட்ச்சுன்னு சொன்னேன்ல.”

“சொன்னீங்க.”

“ஆஸ்பத்திரில வச்சே சொன்னேன்.”

“ஆமா.”

“என் மேல கோவமா?”

“கோவம்தான். இன்னும் ரெண்டு மாசத்துக்காவது இருக்கும், சொல்லிட்டேன்.” அவர் கண்ணைத் துடைப்பதற்குத் துணியைத் தூக்குவதைப் பார்த்தேன். “அந்த கிரீஸ் துணியால மூஞ்சியத் துடைக்காதீங்க. இங்க வந்து கை குடுங்க. நான் உக்காரணும், முட்டி மடங்க மாட்டேங்குது.”

எழுந்து வந்து கையை நீட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியில் உட்கார்ந்தேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். கையை இரண்டு பேரும் விடவில்லை. எதிரில் வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, அதை அணைக்க வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.